மூச்சை அடக்கச் சொன்னாரா புத்தர்?

ரங்கூன் தமிழர்களின் வைபர் (கைபேசிச் செய்திச் செயலி) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "புத்தரின் ஆனாபானம் (மூச்சைக் கவனிக்கும் தியானம்) நம் பிராணாயாமமேதான், மூச்சை எவ்வளவு நேரம் அடக்குகிறோமோ, அவ்வளவு சீக்கிரம் மனம் அடங்கும்." இது தவறு. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இதை நம்பி, டீக்கடை பெஞ்சிலேயே மூச்சைப் பிடித்து உட்கார்ந்து, கண் இருட்டிச் சாய்ந்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

மூச்சடக்கலை ஞானம் பெறும் முன்பே செய்து பார்த்துக் கைவிட்டவர் புத்தர். மகாசச்சக சூத்திரம் என்ற பாலி உரையில் அவரே சொல்கிறார்: வாயையும் மூக்கையும் அடைத்தபோது காதில் கொல்லன் துருத்திபோலக் காற்று இரைந்தது; தோல்வாரால் தலையை இறுக்கியதுபோல வலித்தது. பின்னாளில் அவர் கற்பித்த மூச்சுத் தியானமான ஆனாபானசதியின் 16 படிகளில் மூச்சைப் பிடித்து நிறுத்தும் படி ஒன்றுகூட இல்லை. மூச்சு நீளமா, நீளம் என்று அறி. குட்டையா, குட்டை என்று அறி. அமைதி கூடக்கூட மூச்சு தானாகவே மெலியும்.

சரி, பர்மாவின் தியான ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே முறையா? இல்லை. மகாசி சயடோ (சயடோ என்றால் மூத்த பிக்கு) வயிறு எழுந்து தாழ்வதைக் கவனிக்கச் சொன்னார். தியான ஆசிரியர் ஊ பா கின்னின் சீடர், மண்டலேயில் பிறந்த கோயங்காவின் 10 நாள் முகாமில் முதலில் மூக்கருகே மூச்சு, பிறகு உடல் உணர்ச்சிகள். மௌல்மீன் பக்கம் பா அவுக் மரபு சமாதியை (மன ஒருமுகத்தை) ஆழமாக வளர்த்து, அப்புறம் விபஸ்ஸனாவுக்கு (உள்ளதை உள்ளபடி பார்க்கும் தியானத்துக்கு) போகும். சுன்லுன் சயடோவின் முறையில் பலமாக, வேகமாக மூச்சு விடுவார்கள். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

பிராணாயாமத்தைக் குறை சொல்லவில்லை. அது குருவிடம் கற்கவேண்டிய வேறு பயிற்சி. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைபரைப் பார்த்து அதைச் செய்யவேண்டாம்.