பழைய டிஸ்க், புது கன்சோல்

நேற்று ராத்திரி அலமாரியைக் குடைந்து எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து டிஸ்க் ஒன்றை எடுத்து, புது கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் போட்டேன். கொஞ்ச நேரம் உறுமியது. அப்புறம் டவுன்லோடு ஓட ஆரம்பித்தது. டிஸ்க்கில் இருக்கிற கேம் அப்படியே ஓடுவதில்லை. புது கன்சோலுக்காகத் தயார் செய்த பிரதி இன்டர்நெட்டிலிருந்து இறங்குகிறது. டிஸ்க் அதற்குச் சாவி மாதிரி.

கேமைத் திறந்ததும் அதே பழைய 360 லோகோ, அதே ஓசை. கிளவுடில் போட்டு வைத்திருந்த சேவ் ஃபைலும் வந்து சேர்ந்தது. தேதி 2012. கடைசி பாஸ் சண்டைக்கு முந்தைய அறையில், பாதி காலியான மருந்துப் பையோடு என் வீரன் நின்றுகொண்டிருந்தான். எந்த பட்டன் எதற்கு என்று யோசிப்பதற்குள் கட்டைவிரல் தானாகப் போய் அழுத்திவிட்டது. கண் கலங்கியது, உண்மையாகவே.

பழைய கேம் புது கன்சோலிலும் ஓடுகிற இந்த பேக்வேர்ட் கம்பாட்டிபிலிட்டியை ஏதோ சலுகை மாதிரி பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காசு கொடுத்து வாங்கிய கேம் அடுத்த கன்சோலிலும் ஓட வேண்டும் என்று கேட்பது நியாயமான விஷயம்.

தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது, மறுக்கவில்லை. 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2க்குள் முதல் பிளேஸ்டேஷனின் பிராசசரே வேறு வேலைக்காக உட்கார்ந்திருந்தது. அதனால் பழைய டிஸ்க்கைப் போட்டால் ஓடியது. 2006இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது ஆரம்ப மாடல்களில் பிளேஸ்டேஷன் 2 (சுருக்கமாக பிஎஸ்2) சிப்புகளை வைத்தார்கள். பிறகு செலவைக் குறைக்க எடுத்துவிட்டார்கள். அந்த பிஎஸ்3இன் செல் பிராசசர் தனி ரகம். பிஎஸ்4இல் அதன் டிஸ்க்குகள் ஓடவே இல்லை. பிஎஸ்5இல் பிஎஸ்4 கேம்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஓடுகின்றன, காரணம் இரண்டும் ஒரே குடும்பத்து பிராசசர்.

சரி, வேறு குடும்பமாக இருந்தால் முடியவே முடியாதா? எக்ஸ்பாக்ஸ் 360இல் இருந்தது பவர்பிசி ரக பிராசசர், அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் எக்ஸ்86 ரகம். 2013இல் வெளிவந்தபோது பழைய கேம் எதுவும் அதில் ஓடவில்லை. 2015இல் அதே கன்சோலில் எமுலேஷன் மூலம், அதாவது பழைய கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருள் மூலம், ஓட வைத்தார்கள். 2010இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன், பிறகு எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸில் 4கே தெளிவில், ஒன்பது மடங்கு பிக்சலோடு ஓடியது. ஆகவே யாராவது 'முடியாது' என்றால், முடியாதா அல்லது மனமில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

பழைய கேமை மெருகேற்றி மறுபடி விற்கிற ரீமாஸ்டர் வருகிறதே என்பார்கள். வரட்டும், நானும் வாங்குவேன். ஆனால் அதில் என் சேவ் ஃபைல் இருக்காது. உரிமம் முடிந்த பாட்டுகள் போயிருக்கும், வெளிச்சமும் நிறமும் மாறியிருக்கும். மேலும், நன்றாக விற்ற கேமுக்குத்தான் ரீமாஸ்டர். சத்தமில்லாமல் வந்து போன நல்ல கேம்களுக்கு யார் செய்வார்கள்? அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் சொன்னது. படித்த அன்று மனசே சரியில்லை.

2021 நவம்பரில், புது எக்ஸ்பாக்ஸில் ஓடும் பழைய கேம்களின் பட்டியலில் 76 கேம்களைச் சேர்த்தார்கள், அதுவே கடைசித் தொகுதி என்றும் அறிவித்தார்கள். 2024 ஜூலையில் 360 ஸ்டோரும் மூடியாயிற்று. பட்டியலில் இடம்பிடித்தவை தப்பித்தன. மற்றதைப் புதிதாக வாங்கி விளையாட, பழைய டிஸ்க்கும் பழைய கன்சோலும் தேடித்தான் அலைய வேண்டும்.

எனக்கு இப்போது பெரிய கவலை டிஸ்க் டிரைவ்தான். சீரிஸ் எக்ஸின் தம்பியான சீரிஸ் எஸ்ஸில் அது இல்லை. பிஎஸ்5 ப்ரோவுக்குத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். சாவி கையில் இருந்தும் துவாரம் இல்லாத கதவு. அடுத்த கன்சோல் எவ்வளவு வேகமாக இருந்தாலும் சரி, டிரைவ் இல்லையென்றால் நான் வாங்கப் போவதில்லை.

அந்த டிஸ்க் இன்னும் கன்சோலுக்குள்ளேயே இருக்கிறது. பாஸ் சண்டையில் நேற்று நான்கு முறை தோற்றேன். இன்று ராத்திரி மறுபடியும் உட்காரப் போகிறேன்.