எண்ணில் வராத கடைகள்

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பக்கத்திலும் தரையில் கடை விரித்திருப்பவர்களை மொத்தமாக அள்ளி ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்ற பேச்சை ஒவ்வொரு தீபாவளி நெரிசலுக்குப் பிறகும் கேட்கிறேன். இந்த முறை எனக்கு நெருங்கிய நண்பர்களே அதைச் சொல்கிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் இப்படி ஓர் இடமாற்றம் எங்கள் வீட்டுக்குள் என்ன செய்தது என்று பார்த்தவன் நான்.

என் பெரியம்மா வாழை இலை விற்றவர். கோயிலுக்குப் பக்கத்து வடக்கு ஆவணி மூல வீதியில் காய்கறிச் சந்தையான சென்ட்ரல் மார்க்கெட் இருந்த காலம். உள்ளே அவருக்குக் கடை கிடையாது. வெளியே சுவரை ஒட்டி ஒரு சாக்கு விரிக்கும் இடம், அவ்வளவுதான். வீடு செல்லூரில். இருட்டோடு கிளம்பி, கல்பாலத்தைத் தாண்டி, யானைக்கல் வழியாக நடந்தே வந்துவிடுவார். வைகையில் தண்ணீர் வந்து கல்பாலம் மூழ்கும் நாட்களில் மட்டும் மேலே பெரிய பாலத்தில் ஏறி வருவார். சோழவந்தான் பக்கமிருந்து வரும் கட்டுகளைப் பிரித்து, நுனி இலையைத் தனியாகவும், நுனியில்லாத துண்டு இலையான ஏட்டைத் தனியாகவும் அடுக்குவார்.

பள்ளி விடுமுறைகளில் நானும் உடன் உட்கார்ந்திருக்கிறேன். இலை மேல் போர்த்திய சாக்கை அடிக்கடி நனைப்பது என் வேலை. கொஞ்சம் மறந்தால் போதும், முதலில் ஓரம் சுருளும், பிறகு பழுப்பு ஏறும், மடித்தால் நரம்போடு கிழியும். கிழிந்த இலையைச் சாப்பாட்டுக் கடைக்காரர் கையால் தொடமாட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் விற்காவிட்டால் அன்றைய முதல் போயிற்று. அந்த முதலும் தண்டல் பணம். 1000 ரூபாய் என்று பேசி 900 தான் கையில் கொடுப்பார்கள். பத்து நாளில் நூறு நூறாக 1000 கட்ட வேண்டும்.

2010-ஐ ஒட்டி மார்க்கெட் ஊரின் வெளிப்புறத்தில் உள்ள மாட்டுத்தாவணிக்குப் போனது. அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கோயிலுக்கு இத்தனை பக்கத்தில் இரவெல்லாம் லாரிகள், காலையில் அழுகிய காயின் நாற்றம், மழை பெய்தால் முழங்கால் சேறு. அந்த வீதியில் குடியிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. லாரியில் வந்து லாரியிலேயே திரும்பும் மொத்த வியாபாரத்துக்குக் கோயிலைச் சுற்றிய வீதிகள் தேவையில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் புது இடத்தில் யாருக்குக் கடை என்று கணக்கெடுக்க வந்தவர்கள் கடை எண்ணைக் கேட்டார்கள். பெரியம்மாவிடம் எண் இல்லை. தரையில் கடை போடுவதற்கான தரைக் காசை வசூலித்தவர்கள் தினமும் கிழித்துக் கொடுத்த சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். டப்பாவைத் திறந்து காட்டினார். வந்தவர் மேலாக இரண்டு சீட்டுகளை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கணக்கில் வராது, அம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பெரியம்மா மூடியை அழுத்தி மூடியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாட்டுத்தாவணிக்கும் போய்ப் பார்த்தார். இடம் எண் உள்ளவர்களுக்கு. இவர் மறுபடியும் வெளியே, வெயிலில். நடந்து போகும் தூரமில்லை, கட்டோடு பஸ்ஸில் ஏறவும் முடியாது, ஆட்டோவுக்கே லாபம் போயிற்று. எல்லாவற்றையும் விட, வாங்குகிறவர் வரவில்லை. கோயிலைச் சுற்றி மெஸ் நடத்துகிறவர் இரண்டு கட்டு இலைக்காக ஆறு கிலோமீட்டர் போவாரா? மூன்று மாதத்தில் பெரியம்மா ஆவணி மூல வீதி முனைக்கே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு விரட்டுகிறவர்களைப் பார்த்தால் சாக்கோடு சுருட்டிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. சுருட்டினால் இலை கிழியும். மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் நிற்கிறது.

தரைக்கடையைத் தேடி யாரும் வீட்டிலிருந்து கிளம்புவதில்லை. நகை எடுக்க, துணி எடுக்கத் தெற்கு மாசி வீதிக்கு வருகிறோம். வந்த இடத்தில் கண்ணில் படுகிற வளையலை, கொசுவலையை, குழந்தைக்கு ஒரு சட்டையை வாங்குகிறோம். பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி நடந்து வருகிற அந்தக் கூட்டம்தான் அவர்களுடைய முதல். கடைகளை வண்டியில் ஏற்றிவிடலாம். அந்தக் கூட்டத்தை எந்த வண்டியில் ஏற்றுவது?

மாற்றவே கூடாது என்று நான் வாதாடவில்லை. 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயிலில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்த பிறகு, கல் மண்டபத்துக்குள் கடைகள் இருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கோயிலுக்கு எதிரே உள்ள கல் மண்டபமான புதுமண்டபத்தின் தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் குன்னத்தூர் சத்திரம் என்ற மாடிக் கட்டடத்துக்குப் போனார்கள். தூரம் என்று பார்த்தால் அது கூப்பிடு தூரம், அந்த வரையில் சரி. ஆனால் தரையோடு இருந்த கடை மாடிக்குப் போனால் வழியில் போகிறவர் படியேறிப் போய்ப் பார்ப்பாரா என்பதை யோசித்திருக்க வேண்டும்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் வழங்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது என்கிறது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இதையெல்லாம் கவனிக்கச் சட்டம் அமைக்கச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 50 ஆண்டுக்கு மேல் தானாக அமைந்து நடக்கும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்றும் அதன் அட்டவணையில் இருக்கிறது. விளக்குத்தூண் பக்கம் தாயும் அவருக்கு முன்னே பாட்டியும் உட்கார்ந்த அதே இடத்தில் இன்று உட்கார்ந்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த வரி பொருந்தாதென்றால் மதுரையில் வேறு யாருக்குப் பொருந்தும்?

நெரிசலுக்கு வழி உண்டு. ஆம்புலன்ஸ் போக வேண்டிய அகலத்துக்குக் கோடு போட்டு, அந்தக் கோட்டை ஒரு கடையும் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். பெரிய கடைகளுக்குச் சரக்கு இறக்கும் லாரிகள் இரவில் மட்டும் வரட்டும். அப்படியும் இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பத்து நிமிட நடைக்குள், தரைத்தளத்தில், பஸ் ஏறப் போகிறவர் கடந்தே தீர வேண்டிய வழியில் இடம் கொடுங்கள். கழிப்பறையை முதலில் கட்டிவிட்டுக் கடைக்குக் கோடு போடுங்கள். பெரியம்மா காலையிலிருந்து மதியம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். எனக்குச் சிறு வயதில் காரணம் புரியவில்லை. இலைக்கு மட்டும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்.

எதைச் செய்வதற்கும் முன்னால் எண்ண வேண்டும். எண் உள்ளவர்களை மட்டும் இல்லை, எல்லோரையும். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நானும் இரண்டு நண்பர்களும் விளக்குத்தூணில் தொடங்கித் தெற்கு மாசி வீதி கடைசி வரை நடக்கப் போகிறோம். தரையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் என்ன விற்கிறார், எத்தனை வருடமாக இருக்கிறார், கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று கேட்டு எழுதி, அதை விற்பனைக் குழுவிடம் மனுவோடு கொடுக்கப் போகிறோம். வர முடிந்தவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வாருங்கள். யாராவது பழைய தரைக் காசுச் சீட்டுகளை எடுத்து நீட்டினால், ஒன்று விடாமல் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.