நூற்று நாற்பது வீடு, ஏழு கையெழுத்து

ஏழு. எழுபது இல்லை, ஏழு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 ஒரு சங்கம் பதிவு செய்யக் கேட்பது ஏழே ஏழு பேரை. குடியிருப்போர் சங்கம் தொடங்கக் கிளம்பிய எங்கள் தெருவில் 140 வீடு. வாட்ஸ்அப் குழுவில் 212 பேர். காலி பண்ணிக்கொண்டு போன நாலு குடும்பம் இன்னும் உள்ளே உட்கார்ந்து குட் மார்னிங் ரோஜாப்பூ போட்டுக்கொண்டிருக்கிறது. இத்தனை பேரில் ஆறு கையெழுத்து வாங்க ஐந்து வாரம். ஏழாவதும் ஒருவழியாக விழுந்து, ஃபைல் உள்ளே போய், நேற்று திரும்பி வந்துவிட்டது. காரணம்? அந்த ஏழாவது கையெழுத்து.

அந்த ஏழாவது ஆள் உங்கள் தெருவிலும் இருப்பார். காலை 6:10க்கு வாக்கிங் கிளம்பி, மழைநீர்க் கால்வாய் மூடி உடைந்து கிடப்பதை மூன்று கோணத்தில் படம் எடுத்து, "இதைக் கேட்க இந்த ஏரியாவுல ஆம்பளையே இல்லையா?" என்று குழுவில் போடுவார். கீழே நாற்பது கட்டைவிரல் நிற்கும். கட்டைவிரலை மட்டும் பதிவாளர் ஏற்றுக்கொள்வார் என்றால் இந்நேரம் நாலு சங்கம் பதிவாகியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4:20. ஃபைல் தூக்கும் பாவப்பட்டவர் (எல்லாத் தெருவிலும் இப்படி ஒருவர்தான், செயலாளர் ஆகப்போகிறவரும் அவர்தான், திட்டு வாங்கப்போகிறவரும் அவர்தான்) மாடிப்படி ஏறிப் போகிறார். "வாங்க தம்பி, உக்காருங்க." மூக்குக்கண்ணாடி தேட ஏழு நிமிஷம். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. பிறகு பைலாவை, அதாவது சங்கத்தின் விதிமுறைகளை, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறார். வாய்விட்டு. இந்த பைலா மூன்று வாரமாகக் குழுவில் பிடிஎஃப்பாகக் கிடக்கிறது. "நல்ல முயற்சி" என்று அதற்குக் கைதட்டல் போட்டவரும் அவரேதான்.

"இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு சங்கத்துக்குக் கடன் வந்தா என் வீட்டை எடுத்துக்குவாங்களா?"

"சங்கத்துக்கு யாரு சார் கடன் குடுப்பா?"

"அதுக்கில்ல தம்பி. கேட்டு வச்சுக்கணும்ல."

உள்ளேயிருந்து வீட்டம்மா குரல்: "என்னங்க, எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு பெரியவன் போன்ல சொன்னான்ல?" பெரியவன் டல்லாஸில் இருக்கிறான். டல்லாஸில் அப்போது விடிந்திருக்கவில்லை. ஆனாலும் போன் போட்டாகிவிட்டது. அவன் எடுக்கவில்லை. அதற்குள் மணி 4:35. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் 4:30 முதல் 6 வரை. காலண்டரைப் பார்த்துவிட்டார்.

சரி, ஆறு மணி வரை காபி. காபி நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. ஆறு மணி ஆனது. "விளக்கு வைக்கிற நேரத்துல எதுக்கு?" என்றார் வீட்டம்மா. ஆறரை வரை ஏழாவது ஆள் வேலை பார்த்த அலுவலகத்தில் ஃபைல் எப்படி நகரும் என்ற வரலாறு. ஆறே முக்காலுக்குப் பேனா கேட்டார். நீல மை பேனா கொடுத்தால், "ஒரு நிமிஷம்" என்று உள்ளே போய்ப் பச்சை மை பேனா எடுத்து வந்தார். ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் ஆன பிறகும் பச்சை மை! பக்கத்துக்கு ஒரு கையெழுத்து, கீழே தேதி, தேதிக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

ஃபைல் திரும்பியது அந்த இரண்டு புள்ளியாலோ பச்சை மையாலோ இல்லை. ஆதாரில் அவர் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக நிற்கிறது. பான் கார்டில் அப்பா பெயர் முன்னால் நிற்கிறது. மெமோரண்டத்தில் (சங்கத்தின் விவரமும் ஏழு பேர் விவரமும் எழுதிப் பதிவுக்குக் கொடுக்கும் பத்திரம்) ஒற்றை இன்ஷியல். கையெழுத்தில் அந்த இன்ஷியலும் இல்லை. ஒரே மனிதர் நாலு ஆளாக நிற்கிறார், ஆனால் சங்கத்துக்கு அவர் ஒரு கையெழுத்துத்தான்.

இன்ஷியல் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு நாம் படும் பாடு வேறு எந்த ஊர்க்காரனுக்கும் புரியாது. தயவுசெய்து ஏழு பேரிடமும் முதலில் ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே மெமோரண்டத்தில் டைப் அடியுங்கள். அப்பா பெயர், வயது, தொழில், கதவு எண் எல்லாம் சேர்த்து. "எல்லாருக்கும் என்னை இந்தப் பேர்லதான் தெரியும்" என்று சொல்லுபவரை அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

இதில் கடிகாரம் வேறு ஓடுகிறது. சங்கம் தொடங்கிய நாள் என்று முதல் கூட்டத்தின் தேதியை ஆர்வக்கோளாறில் மெமோரண்டத்தில் போட்டுவிடுவார்கள். அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். தாண்டினால் தாமதத்துக்கு விளக்கக் கடிதம், அதன்மேல் ஒரு உத்தரவு, அதற்கு ஒரு நடை. ஏழு கையெழுத்தும் கைக்கு வந்த பிறகு ஒரு அமைப்புக் கூட்டம் போட்டு அந்தத் தேதியைப் போடுங்கள் என்றால் கேட்க மாட்டார்கள். ஏனென்றால் தை முதல் நாள் ஆரம்பித்ததாக இருந்தால்தான் ராசி.

பைலாவுக்கு வருவோம். யாரும் பைலா எழுதுவதில்லை. பக்கத்து நகர்க்காரர்களிடம் வேர்ட் ஃபைல் வாங்கி, பெயரை மாற்றி, பிரிண்ட் எடுப்பதுதான் பைலா எழுதுவது. பெயரை மாற்றும்போது முதல் பக்கத்தில் மாற்றுவார்கள், கடைசிப் பக்கத்தில் மாற்றுவார்கள். நடுவில் ஒன்பதாவது விதியில் "நமது லிஃப்ட் பராமரிப்பு" என்று நிற்கும். தெருவில் ஒரு லிஃப்ட் கிடையாது. அது அடுக்குமாடிக்காரர்களின் பைலா! அடுக்குமாடி என்றால் கதையே வேறு. அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2024 மார்ச்சில். தனி வீடு, மனைப்பிரிவு, தெரு என்று இருப்பவர்களுக்குத்தான் இந்த 1975 சட்டம். இரண்டையும் போட்டுக் குழப்பி, "பில்டரை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்றார். மனை போட்டு விற்றவர் போய்ச் சேர்ந்தே இருபது வருஷம் ஆகிறது ஐயா.

எழுத வேண்டியதை எழுத மாட்டார்கள். வாடகைக்கு இருப்பவர் உறுப்பினரா, அவருக்கு ஓட்டு உண்டா? ஒரு வீட்டில் மூன்று போர்ஷன் என்றால் ஒரு ஓட்டா, மூன்றா? சந்தா கட்டாதவர் தேர்தலில் நிற்கலாமா? எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும்? இதை எல்லாம் விட்டுவிட்டு, கொடி என்ன நிறம் என்று முக்கால் மணி நேரம். சங்கத்துக்கு எதற்குய்யா கொடி? கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வர வேண்டிய ஆட்கள், மூன்றில் இரண்டு பங்கு என்று வீரமாகப் போட்டுவிடுவார்கள். 140 வீட்டில் 94 பேர் வர வேண்டும். பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்கே 94 பேர் வரவில்லை, அதுவும் அன்னதானம் இருந்தும். பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்னறிவிப்பு என்று விதியில் எழுதிவிட்டு, முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு "நாளை மீட்டிங், அனைவரும் தவறாமல்" என்று ஒரு மெசேஜ். இதை எதிர்த்து ஒருவன் எழுதிக் கொடுத்தால் அந்தக் கூட்டத்தின் தீர்மானம் அத்தனையும் போச்சு.

பெயர்? பெயருக்கு இரண்டு ஞாயிறு. நலச்சங்கமா, நல்வாழ்வுச் சங்கமா, பொதுநலச் சங்கமா என்று கை தூக்கி வாக்கெடுப்பு. கடைசியில் பார்த்தால் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு சங்கம் பதிவாகி இருக்கிறது. எங்கே? இதே தெருவில்! இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தி யாரோ பதிவு செய்து, இரண்டு வருஷம் நடத்தி, போர்வெல் போடுவதில் சண்டை வந்து விட்டுவிட்டார்கள். ரப்பர் ஸ்டாம்ப் இன்னும் ஒரு வீட்டு அலமாரியில் இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் இத்தனை கூட்டத்துக்கும் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால், "நீங்க கேக்கவே இல்லையே தம்பி." கலைக்காத வரை அந்தச் சங்கம் காகிதத்தில் உயிரோடுதான் இருக்கும். அதை எழுப்புவது என்றால் விட்டுப்போன வருஷங்களுக்கெல்லாம் கணக்கு, உறுப்பினர் பட்டியல், தாமதக் கட்டணம். பேசாமல் வேறு பெயர் வைத்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம். ஆனால் பெயருக்கு மூன்றாவது ஞாயிறு வேண்டுமே.

பதிவாகிவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள். வருஷா வருஷம் பொதுக்குழு, தணிக்கை செய்த வரவு செலவு, உறுப்பினர் பட்டியல் எல்லாம் பதிவாளருக்குப் போக வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7. நிர்வாகக் குழுவின் ஆயுள் அதிகபட்சம் மூன்று வருஷம், பிறகு திரும்பத் தேர்தல். தேர்தலில் தோற்ற தலைவர் மினிட்ஸ் புத்தகத்தைத் தர மாட்டார், அது தனிக் கதை. பேங்க் கணக்கு தொடங்கச் சங்கத்தின் பெயரில் பான் கார்டு, பதிவுச் சான்றிதழ், பைலா நகல், யார் யார் கையெழுத்துப் போடலாம் என்ற தீர்மானம் எல்லாம் வேண்டும். அதுவரை? பொருளாளரின் சொந்த ஜிபே நம்பர். வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் என்றால் 14,000 வர வேண்டும். வருவது 5,800. அந்த 5,800ம் அவர் மளிகைக்கடைக்குக் கட்டிய பணமும் ஒரே ஸ்டேட்மெண்டில் கலந்து கிடக்கும். ஆறு மாதம் கழித்து, "கணக்கு சரியில்லை" என்று ஒருத்தர் கிளப்புவார். யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு ரூபாய் சந்தா கட்டாதவர்தான்.

இத்தனையும் எதற்கு? அந்தக் கால்வாய் மூடிக்கு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தூர்வாரி மூடி போடவில்லை என்றால் அக்டோபர் கடைசியில் முழங்கால் தண்ணீர். சென்னை மாநகராட்சி என்றால் 1913க்கு ஒரு போன் போட்டுப் புகார் எண் வாங்க, சங்கம்கூட வேண்டாம். தெருவிளக்கு எரியவில்லையா? கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள், "அந்த மாமரத்து வீட்டுக்கு எதிர்ல" என்றால் லைன்மேன் எந்த மாமரத்தைத் தேடுவார்? பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: இந்தத் தெருக் கால்வாய் கடைசியாக எந்தத் தேதியில் தூர்வாரப்பட்டது, ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், வேலை முடிந்த பதிவின் நகல் கொடுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் யாரோ ஷெட் போட்டிருந்தால் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தையும், அந்த இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தையும் கேளுங்கள். இதை எல்லாம் தனி ஆளாகவே செய்யலாம். சங்கம் என்றால் லெட்டர்பேடும், அடுத்த வருஷமும் தொடர ஒரு ஆளும் இருக்கும், அவ்வளவுதான்.

குழுவில் 212 பேர் இருக்கிறார்களே, ஒருவராவது அந்தப் புகார் எண்ணை வாங்கியிருப்பாரா? படம் மட்டும் பதினேழு. மூன்று கோணம்.

இந்த ஞாயிறு மறுபடி கூட்டம். பொருள் ஒன்று: ஏழாவது உறுப்பினரை மாற்றுவது. ஏழாவது உறுப்பினரே தலைமை தாங்குகிறார். "என் பேர்ல தப்பு இல்ல, ஆதார்லதான் தப்பு" என்பது அவர் கட்சி. அது சரிதான் என்று நாலு பேர் தலையாட்டியும் ஆகிவிட்டது. இந்த இடத்தில் கோபம்கூட வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது.

போன கூட்டத்துக்கு 50 நாற்காலி வாடகைக்கு எடுத்ததில் 11 பேர் வந்தார்கள், 40 வடையும் தீர்ந்துவிட்டது. அது எப்படி என்று யாரும் கேட்க வேண்டாம். ஆனால் அந்த வடையோடு ஒரு சட்னி வந்ததே, பிளாஸ்டிக் பையில், வாயை முறுக்கி, அதன்மேல் வெள்ளை நூலைப் பதினைந்து சுற்றுச் சுற்றி. அதை அவிழ்க்க இந்த உலகத்தில் வழியே கிடையாதா? பல்லால் கடித்தால் சட்டையில், பிளேடால் வெட்டினால் மினிட்ஸ் புத்தகத்தில். தேங்காய்ச் சட்னிதானே, தங்கமா வைத்துக் கட்டுகிறீர்கள்?