பாதி நாவலுக்கு எதற்கு முழுப் பெயர்?

ஞாயிற்றுக்கிழமை 'வுதரிங் ஹைட்ஸ்' படத் திரையிடலில் நடந்தது வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் வாட்ஸப்பில் வந்து சேர்ந்திருக்கும். நான் சண்டை போட்டதாகப் பேச்சு. சண்டை எல்லாம் போடவில்லை. கையைத் தூக்கி, "இந்தப் படத்தில் ஹேர்ட்டன் எங்கே?" என்று கேட்டேன். "நாவல் படிச்சவங்க கொஞ்சம் அமைதியா இருங்க, படம் பார்த்தவங்க பேசட்டும்" என்றார்கள். அரங்கமே சிரித்தது. மைக் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. மூன்று நாளாகியும் அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை.

சரி, இங்கே பேசுகிறேன். இங்கே மைக்கைப் பிடுங்க ஆள் இல்லை.

எமிலி பிரான்டி எழுதிய 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் 34 அத்தியாயங்கள். நாயகி கேத்தரின் இறப்பது 16-இல். வில்லியம் வைலர் 1939-இல் எடுத்த படம் அதோடு கடையைக் கட்டிவிடுகிறது. மீதி 18 அத்தியாயங்களுக்குப் பதிலாக, பனியில் இரண்டு ஆவிகள் குன்றேறிப் போகின்றன. அந்தக் கடைசிக் காட்சி வைலருக்கே பிடிக்கவில்லை. தயாரிப்பாளர் கோல்ட்வின் அடம்பிடித்து, டூப் நடிகர்களை வைத்து எடுத்து ஒட்டினார். எடுத்தவருக்கே ஒட்டாத முடிவை நாம் உட்கார்ந்து "காவியக் காதல்" என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

அது காதல் கதை இல்லை. காதல் அதில் இருக்கிறது, ஆனால் அது காதல் கதை இல்லை.

லிவர்பூல் தெருவில் கிடந்த ஒரு கறுத்த பையனை ஒரு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அவன்தான் ஹீத்கிளிஃப். வளர்த்தவர் இறந்ததும் அவர் மகன் ஹிண்ட்லி முதலில் செய்யும் காரியம் என்ன தெரியுமா? ஹீத்கிளிஃபின் படிப்பை நிறுத்துகிறான். வேலைக்காரர்களோடு வயலுக்கு அனுப்புகிறான். பல வருடம் கழித்து ஹீத்கிளிஃப் பணத்தோடு திரும்பி வருகிறான். ஹிண்ட்லி செத்த பிறகு அவன் மகன் ஹேர்ட்டனுக்கு அதையே திருப்பிச் செய்கிறான். அடித்துக் கொல்லவில்லை, எழுத்தறிவு இல்லாமல் வளர்க்கிறான். அதே காற்று அடித்தால் இந்த மரமும் கோணலாக வளர்கிறதா பார்ப்போம் என்கிறான். பழிவாங்க அவன் கண்டுபிடித்த ஆயுதம் அதுதான். இதை வெட்டிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? ஒரு புதர்க்காடு, அதில் இரண்டு பேர் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

எனக்கு உயிரான இடம் ஒன்று உண்டு. அந்த வீட்டு வாசல் நிலைக்கு மேலே 'ஹேர்ட்டன் எர்ன்ஷா' என்று ஒரு மூதாதையின் பெயரும் 1500 என்று வருடமும் செதுக்கியிருக்கும். அது இவன் பெயரும்தான். தன் பெயருக்குக் கீழேயே நடமாடுகிற இவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஒருநாள் கேத்தரினின் மகளிடம் வந்து, "இப்போ அதைப் படிப்பேன்" என்கிறான். எழுத்துக் கூட்டிப் படித்தும் விடுகிறான். "அந்த எண்?" என்று கேட்கிறாள். அது இன்னும் தெரியாது என்கிறான். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு 1991, 92 நினைவிருக்கும். அறிவொளி இயக்கம். என் அம்மா பகலில் கல்குவாரியில் ஜல்லி உடைத்துவிட்டு, ராத்திரி அரிக்கேன் விளக்கடியில் சிலேட்டோடு உட்கார்ந்தாள். எண் அவளுக்கு முன்பே தெரியும். கூலியை எண்ணி வாங்குகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? எழுத்துதான் தெரியாது. ஒருநாள் பேருந்து நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வண்டியின் பலகையைப் பார்த்து "ஆ... ல... ங்..." என்று சத்தமாகக் கூட்ட ஆரம்பித்தாள். "குடி" வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நான் சிரித்தேன். எனக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு, எல்லாம் தெரிந்தவள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கை பிடி மட்டும் தளர்ந்தது. அதற்கப்புறம் என் எதிரில் அவள் வாய்விட்டுப் படிக்கப் பல மாதம் ஆனது.

கல்லூரியில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். 1847-இல், யார்க்‌ஷயரின் ஒரு மூலையில் இருந்துகொண்டு, அடுத்த வருடமே முப்பது வயதில் இறந்துபோன எமிலி என்ற ஒருத்தி, என் சிரிப்பை எப்படித் தெரிந்துவைத்திருந்தாள்?

இப்போது புரிகிறதா, நான் ஏன் ஹேர்ட்டன் எங்கே என்று கேட்டேன் என்று?

"சினிமா வேறு, இலக்கியம் வேறு" என்பவர்களுக்கு: தெரியும். இதைச் சொல்லித்தான் முப்பது வருடமாக எல்லோர் வாயையும் அடைக்கிறீர்கள்.

"இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்ட முடியுமா?" இது நியாயமான கேள்வி. முடியாது. டேவிட் லீன் 1946-இல் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைப் படமாக எடுத்தபோது ஆர்லிக் என்ற ஆளையே தூக்கிவிட்டார். ஒரு குறையும் தெரியவில்லை, ஏனென்றால் நாயகன் பிப்பின் வெட்கம் முழுசாக இருந்தது. வெட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டுங்கள். 1992-இல் பீட்டர் காஸ்மின்ஸ்கி எடுத்த படத்தில் ஜூலியட் பினோஷ் தாயாகவும் மகளாகவும் இரண்டு வேடத்தில் வருவார். படம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் தலைமுறை அதில் இருக்கிறது. முடியும் என்றுதானே அர்த்தம்?

இன்னொன்று. நாவலில் ஹீத்கிளிஃபை முதன்முதலில் பார்க்கும் பக்கத்துப் பண்ணைக்காரர் லின்டன், இவன் 'லஸ்கர்' பையனாக இருக்குமோ என்பார். லஸ்கர் என்றால் கப்பலில் வேலை செய்த நம் பக்கத்து ஆட்கள். 1939 படத்தில் அந்தக் கறுத்த பையன் லாரன்ஸ் ஒலிவியே என்ற வெள்ளைக்கார நடிகர். வெள்ளைக்காரி கேத்தரினாக நடித்த மெர்ல் ஓபரானோ பம்பாயில் பிறந்தவர். அதை வெளியே சொன்னால் பிழைப்பு போய்விடும் என்று, டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லியே வாழ்ந்தார். இதையும் அன்றைக்குச் சொல்ல வைத்திருந்தேன். மைக்தான் இல்லையே.

ஒரு தம்பி உள்பெட்டியில் வந்து, "இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிச்ச மேட்டிமை உங்களுக்கு" என்று எழுதியிருக்கிறார். தம்பி, அந்த நாவலை நான் பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாமல் வாங்கினேன். அந்தக் காசு ஜல்லி உடைத்த காசு. படிக்க விடாமல் வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று சொல்கிற பாதியைத்தான் காணோம் என்கிறேன். அது மேட்டிமையா? நாவலைப் படித்தவர்கள் வாயை மூடுங்கள் என்பது எது?

நாவலின் முடிவில் கேத்தரினின் மகள் ஒரு புத்தகத்தை வெள்ளைத் தாளில் சுற்றி, நாடா கட்டி, ஹேர்ட்டனின் பெயரெழுதி அனுப்புவாள். வாங்கிக்கொண்டால் படிக்கச் சொல்லித் தருகிறேன் என்று சொல்லி அனுப்புவாள். சிரித்த அதே வாய். அப்புறம் இருவரும் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்திருப்பார்கள். உள்ளே வரும் ஹீத்கிளிஃபைப் பார்க்க ஒன்றாகத் தலை நிமிர்வார்கள். அத்தனை வருடப் பழி அந்த இடத்தில் அவன் கையைவிட்டுப் போகும். பனியில் நடக்கும் எந்த ஆவியும் எனக்கு இதற்கு ஈடாகாது.

ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஹேர்ட்டன் கதையைச் சொன்னேன். முழுசும் கேட்டாள். கேத்தரினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பய கடைசில நம்பரப் படிச்சானா?" என்றாள்.

படித்திருப்பான் அம்மா என்றேன்.