இரண்டு அரசுப் பள்ளிகளும் ஒரு தேர்ச்சி விகிதமும்

சின்ன ஊரில் இரண்டு அரசுப் பள்ளிகள் இருந்தால் போதும், தேர்வு முடிவு வந்த அன்று மாலையே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்தப் பள்ளி 82 சதவீதம், இந்தப் பள்ளி 74. அவ்வளவுதான், இது மோசமான பள்ளி. எனக்கு இந்தக் கணக்கின் மேல் பெரிய மரியாதை கிடையாது.

25 பேர் தேர்வு எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தோற்றால் விகிதத்தில் 4 குறைந்துவிடும். 250 பேர் எழுதும் பள்ளியில் அதே ஒரு பிள்ளையால் 0.4தான் குறையும். தேர்வன்று இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தால் சின்னப் பள்ளியின் பெயர் கெட்டுவிடும். அடுத்த ஆண்டு சூட்டிகையான நாலு பேர் அந்த வகுப்பில் இருந்துவிட்டால் ‘அபார முன்னேற்றம்’ என்று பாராட்டு. பாடம் நடத்தியது என்னவோ அதே ஆசிரியர்கள்தான். ஐந்தாண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்க்காமல் சின்னப் பள்ளியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பேன்.

சரி, எண்ணிக்கை சமம் என்றே வைத்துக்கொள்வோம். கற்பனையாக ஒரு கணக்கு: முதல் பள்ளியில் படித்த பெற்றோரின் பிள்ளைகள் 40 பேரில் 36 பேர் தேர்ச்சி. குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிக்கும் 10 பேரில் 5 பேர் தேர்ச்சி. மொத்தம் 50க்கு 41, அதாவது 82 சதவீதம். இரண்டாவது பள்ளியில் முதல் வகையில் 20 பேருக்கு 19, இரண்டாம் வகையில் 30 பேருக்கு 18. மொத்தம் 37, அதாவது 74. நிதானமாகப் பாருங்கள். முதல் வகையில் அங்கே 90 என்றால் இங்கே 95. இரண்டாம் வகையில் அங்கே 50, இங்கே 60. இரு வகைப் பிள்ளைகளையும் நன்றாகத் தேற்றியது இரண்டாவது பள்ளிதான். பட்டியலில் கீழே இருப்பதும் அதுதான்! புள்ளியியல்காரர்கள் இதை சிம்ப்சன் முரண் என்பார்கள்.

இங்கிலாந்தில் 1992 முதல் உயர்நிலைப் பள்ளிகளின் முடிவுகளைப் பட்டியலாக வெளியிடுகிறார்கள். வெறும் மதிப்பெண் போதாது என்று 2016இல் ‘புரோகிரஸ் 8’ என்ற அளவு வந்தது. 11 வயதில் ஒரே நிலையில் இருந்த மாணவர்கள் 16 வயதில் எங்கே நிற்கிறார்கள் என்று அது ஒப்பிடும். எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. தேறமாட்டார் என்று தோன்றுபவரைத் தேர்வுக்கு முன்பே நைசாகப் பள்ளியை விட்டு அனுப்புவது அங்கே பெரிய புகாரானது.

அதற்காக முடிவுகளை மூடி வைக்கச் சொல்லவில்லை. வேல்ஸ் 2001இல் பட்டியலை நிறுத்திப் பார்த்தது. பிறகு ஆய்வாளர்கள் இங்கிலாந்தோடு ஒப்பிட்டபோது வேல்ஸ் பள்ளிகள் பின்தங்கியிருந்தன. எனவே தாராளமாக வெளியிடட்டும். ஆனால் ஐந்தாண்டு சராசரி, பிள்ளைகள் சேரும்போது இருந்த நிலை, நடுவில் நின்றுபோனவர்களின் எண்ணிக்கை மூன்றும் ஒரே தாளில் இருக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் தலைமை ஆசிரியரிடம் அந்த மூன்றாவதை முதலில் கேளுங்கள். மற்றவற்றை அவரே எடுத்துக் காட்டுவார், இதைக் கேட்டால்தான் சொல்வார்.