எலைசா யாரைக் கலியாணம் முடித்தாள்?

மட்டக்களப்பில் உயர்தர ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குறிப்பு சுற்றுகிறது: "பேர்னாட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தின் முடிவில் பூக்காரி எலைசா, பேராசிரியர் ஹிக்கின்ஸை மணக்கிறாள். 1938 படமும் அப்படியே." இது பிழை. பரீட்சையில் எழுதினால் புள்ளி போகும்.

1916இல் புத்தகமாக வந்த நாடகத்தின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். கையுறையும் கழுத்துப்பட்டியும் வாங்கி வரச் சொல்கிறார் ஹிக்கின்ஸ். "நீங்களே வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டு எலைசா வெளியேறுகிறாள். கலியாணம் எங்கே இருக்கிறது? ரசிகர்கள் இருவரையும் சேர்த்துவைக்கவே பார்த்ததால், ஷா அதே பதிப்பில் ஒரு பின்னுரை சேர்த்து, அவள் மணப்பது அவளைக் காதலிக்கும் இளைஞன் பிரெடியை என்று எழுதினார்.

படத்தில்தான் முடிவு மாறியது. எலைசா திரும்பி வருகிறாள். ஹிக்கின்ஸ் திரும்பியும் பாராமல் செருப்பு எங்கே என்று கேட்கிறார். அங்கேயும் கலியாணம் இல்லை. அந்தப் படத்தின் திரைக்கதைக்கு ஷாவுக்கும் வேறு மூவருக்கும் ஆஸ்கார் கிடைத்தது.

குழப்பத்தின் வேர் பழங்கதை. ரோமக் கவிஞர் ஓவிட் சொன்னதில், சிற்பி பிக்மேலியன் தான் செதுக்கிய சிலை உயிர்பெற்றதும் அவளையே மணக்கிறான். ஷா அதைத் தலைகீழாக்கினார்: ஹிக்கின்ஸ் பேச்சுப் பழக்கி உருவாக்கிய எலைசாதான் இங்கே சிலை; ஆனால் இந்தச் சிலைக்கு வாய் உண்டு, சொந்த விருப்பமும் உண்டு. வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, பழைய கதை புதுக் களரியில் வேறாக ஆடப்படுவதை விளக்கவா வேண்டும்?

குறிப்பை அனுப்பியவர்கள் தயவுசெய்து திருத்தி அனுப்புங்கள்.