மீட்டரை நம்பாதீர்கள், பெடலைப் பாருங்கள்
"பழைய பைக்கில் மீட்டர் 15 ஆயிரம் கிலோமீட்டருக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று பழைய பைக் வாங்குவது பற்றிய ஒரு கட்டுரையில் இருப்பதைப் படித்ததும் வயிறு எரிந்தது. 2021இல் ஈரோட்டில் ஒரு புரோக்கர் மூலம் 2012 மாடல் நூறு சிசி வண்டி வாங்கினேன், மகள் காலேஜ் போய்வர. மீட்டர் 14,200 காட்டியது. வீட்டில் நிறுத்தித் துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது: பிரேக் பெடலின் வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன, கியர் லிவர் ரப்பர் கிழிந்து உள்ளிருந்த இரும்பு பளபளத்தது, பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் மாட்டும் பல்சக்கரம்) பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தன. பதினாலாயிரத்தில் சாதாரணமாக இவ்வளவு தேய்மானம் வராது. மெக்கானிக் முன் சக்கரத்துப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, கேபிள் புதுசு" என்றார். முன் சக்கரம் சுற்றுவதை மீட்டருக்குக் கொண்டுபோவது அந்தக் கேபிள்தான்; அதைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. அப்படி எத்தனை வருடம் ஓடியதோ! டிஜிட்டல் மீட்டரில் இது நடக்காது என்று சிலர் சொல்கிறார்கள். அதிலும் எண்ணை மாற்றி எழுதும் கருவிகள் வந்துவிட்டன, மீட்டரையே கழற்றி வேறு மாட்டுகிறவர்களும் உண்டு. டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. மூன்று வருட வண்டி, எட்டாயிரம்தான் ஓடியது என்பவர் வண்டியில் அந்த இலக்கப்படி இரண்டு டயரும் வண்டியைவிடப் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். முன்பு சர்வீஸ் விட்ட இடத்தில் வண்டி எண்ணைச் சொல்லி, கடைசியாக எழுதிய கிலோமீட்டரையும் விசாரியுங்கள். நான் இதையெல்லாம் பணம் கொடுத்த பிறகுதான் செய்தேன்.